அம்மா சொன்ன ஆமென்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இன்று குடும்ப ஜெபத்தில் உளறிவிட்டேன். வழக்கம்போல அப்பா நீளமாக ஜெபித்தார். பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி, ஆலயக் கூரையின் ஒழுகல், முகம் தெரியாத மிஷனரிகள் எல்லாம் வந்தார்கள். உன் பெயர் மட்டும் வரவில்லை. நீ அத்தானோடு போன நாளிலிருந்தே வருவதில்லை. அடுத்தது என் முறை. தினமும் படுக்கும்போது மனசுக்குள் கேட்பது, பழக்கத்தில் வாய்விட்டு வந்துவிட்டது. அக்காவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்க வேண்டும் ஆண்டவரே என்றேன்.

அம்மா உடனே சத்தமாக "ஆமென்" என்றாள். பிறகுதான் அவளுக்கே புரிந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அப்பாவின் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன.

நீ என் தோழி வீட்டுக்குக் கடிதம் போடுவது அவருக்குத் தெரியாது. ஆனால் குழந்தை விஷயம் எனக்கு எட்டியிருப்பதால், உன் முகவரி என்னிடம் இருப்பது தெரிந்துவிட்டது. உடனே சித்தப்பாவுக்குப் போன் செய்தார். "அந்த மெக்கானிக் பயலோட கைய ஒடிச்சாத்தான் நம்ம மானம் திரும்பும்" என்று சித்தப்பா போனில் கத்தியது எனக்கே கேட்டது. போன ஞாயிறு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிச் சாட்சி சொன்னவரும் இவர்தான். நானும் அல்லேலூயா சொன்னேன்.

காலையில் ஆராதனைக்குக் கிளம்பும் முன் வேதாகமத்தில் கை வைத்து முகவரியைச் சொல்ல வேண்டுமாம். "எங்கிட்ட வேணா பொய் சொல்லிடுவ, கர்த்தர்கிட்ட சொல்லிப் பாரு" என்கிறார் அப்பா. பொய் சொன்னால் பாவம். உண்மையைச் சொன்னால் அத்தானின் கை போய்விடும். ஆண்டவருக்கு இதில் எது பிடிக்கும்? ஞாயிறு பள்ளி டீச்சரைக் கேட்கலாமென்றால் அவர் நம் சித்தி!

தட்டு கழுவும்போது அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, "எத்தனாவது மாசம்டீ?" என்று கேட்டாள். ஏழு என்று விரலில் காட்டினேன்.

நாளை இதைத் தோழியிடம் எப்படியாவது கொடுத்துவிடுவேன். உன் கைக்கு வந்து சேரும்வரை, அடித்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நீ உடனே வீட்டை மாற்றிவிடு. புது முகவரியை எனக்கும் சொல்லாதே. கடிதமும் போடாதே. அப்போது வேதாகமத்தில் கை வைத்து, தெரியாது என்று தைரியமாகச் சொல்வேன். அது பொய்யாகாது, இல்லையா?

பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியப்போவதில்லை. பரவாயில்லை. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. பிள்ளைக்கு ஒரு சித்தி இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வை. அவள் தினமும் படுக்கும்போது

கதவைத் தட்டுகிறார்கள்