தனியாகப் போன சித்தியும் கூடவே போன நாங்களும்

ஞாயிறு, ஜூன் 1

கடும் வெயில். காற்று கொஞ்சமும் இல்லை. ஐந்தாம் மாடிக்கே இப்படி.

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், எனக்கு அவமானம் என்பதால் எதையும் விடவும் மாட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே பொய்யால் ஒரு லாபமும் இல்லை.

விஷயம் இதுதான். சித்தி நாளை லிஸ்பனுக்குப் போகிறார். போர்ச்சுகலின் தலைநகர். சில நாள்கள்தான். தனியாக.

சித்தி அம்மாவின் தங்கை. நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார், என் அறையில் எதிர்க் கட்டில். எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்க்கும் வேலை. தினமும் ஃபெரியில் கடல் தாண்டிப் போய் வருவார். இவ்வளவு வருஷமாகக் கேட்டது ஒன்றே ஒன்று, இந்தப் பயணம். அதற்கு நடக்கும் விசாரணை தாங்க முடியவில்லை.

காலையில் பாசார் சந்தையில் கோழிக்கடை அண்ணே: "யாரு கூட போறாங்க?" தனியாக என்றேன். வெட்டுகிற கத்தி நின்றுவிட்டது. "தனியாவா? ஏன்லா, அங்க யாரு இருக்கா?" யாரும் இல்லை என்றேன். பாவம் என்று சொல்லி ஈரல் கொஞ்சம் சும்மா போட்டார். எதற்குப் பாவம் என்று எனக்குப் புரியவில்லை. ஈரலை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கீழ்மாடி அக்காவிடம் அம்மா, கம்பெனி டிரெய்னிங் என்று சொல்லிவிட்டார். மின்தூக்கியில் நான் ஆட்சேபித்தேன். உண்மையைச் சொன்னால் ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும், நீ நிற்பாயா என்றார்.

என் பங்கு: அட்டவணை. நூலகத்தில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து தயாரித்தது. நான்கு பக்கம், மணிவாரியாக. வண்ண ஓடுகளின் அருங்காட்சியகம், ஆற்றோரக் கோபுரம், பழைய மடம், உலகத்திலேயே பழமையான புத்தகக் கடைகளில் ஒன்று. எங்கே தண்ணீர் குடிக்கலாம் என்பது உட்பட. ஒரு பிரதி சித்திக்கு, ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில். சித்தி புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

திங்கள், ஜூன் 2

விமான நிலையம். வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு ஒரு வேன் பிடித்திருக்கலாம்.

கிளம்பும்போது பெரியம்மா (அம்மாவின் மூத்த அக்கா, பட்டர்வொர்த்தில் இருக்கிறார், இனி பெ.மா.) கார்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சித்தியின் பெட்டியில் எல்லாரும் திணித்தவை: நெத்திலி சம்பல், முறுக்கு, இட்லிப் பொடி, தைலம் இரண்டு வகை, விபூதி, குட்டி ரைஸ் குக்கர். ரைஸ் குக்கரை நான் எடுத்து வெளியே வைத்தேன். பெ.மா. திரும்ப உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தேன். அப்பா எடை போட்டுப் பார்த்த பிறகுதான் அது வீட்டுக்குத் திரும்பியது.

பெ.மா. போட்ட நிபந்தனைகள்: போனில் இருக்கும் இடம் எப்போதும் தெரிய வேண்டும், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் கூப்பிட வேண்டும். சித்தி எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றார். அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும் போல.

பிறகு பெ.மா. வரிசையில் நின்றவர்களிடம், நீங்கள் போர்ச்சுகலா, என் தங்கச்சியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். அது பக்கத்துத் தீவு லங்காவிக்குப் போகிறவர்களின் வரிசை.

சித்தி உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன்.

செவ்வாய், ஜூன் 3

மாலையில் மழை. சித்தி இறங்கிவிட்டார். அங்கே மத்தியானம், நமக்கு ஏழு மணி நேரம் பின்னால்.

இரவுச் சாப்பாட்டை எல்லாரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் சித்தி. புள்ளி ஏன் நகரவில்லை என்று அம்மா. தூங்குகிறார் என்றேன். புள்ளி ரோட்டின் நடுவில் இருக்கிறதே, ரோட்டிலா தூங்குகிறாள் என்று அப்பா. கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்று விளக்கினேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

ஒரு நல்ல விஷயம். தங்கும் விடுதி அம்மாள் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னாராம், அதில் சாவி மாதிரி ஒரு சொல். பிறகு ஜன்னலைக் காட்டி 'ஜனெலா', மேசையைக் காட்டி 'மேசா'. சித்தி குரல்பதிவில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. உடனே ஓடிப்போய், இந்தச் சொற்களெல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை என்று அப்பாவிடம் சொன்னேன். நம்மிடமிருந்து எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் பார் என்றார். நேர்மாறு என்று சொல்வதற்குள் செய்தி தொடங்கிவிட்டது.

அட்டவணைப்படி சித்தி பழைய வீதிகளில் நடந்திருக்க வேண்டும். என்ன பார்த்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். பதில்: "படி. ஊரெல்லாம் படி. ஒரு படியில உக்காந்திருக்கேன்."

படியில் உட்கார இங்கேயே இடம் இருக்கிறது.

புதன், ஜூன் 4

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கோபத்தில் கை ஓடவில்லை.

மாலை (அங்கே காலை) சித்தி எனக்கு மட்டும் ஒரு செய்தி. விடுதி வாசலில் தமிழர் ஒருவர் நிற்கிறார், பெயர் தயாபரன், என்னை ஊர் சுற்றிக் காட்டக் காரோடு வந்திருக்கிறார், உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, பெ.மா.வைக் கேள் என்றார். பெ.மா.வைக் கூப்பிட்டேன். மறைக்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னார். கோயிலுக்கு வரும் யாழ்ப்பாணத்து ஆண்ட்டி ஒருவரின் தங்கை மகன். லிஸ்பனில் மளிகைக்கடை. மனைவி தவறிப் போய்ச் சில வருஷம் ஆகிறது. நல்ல மாதிரி. "அவ்வளவு தூரம் போறா. ஒரு ஆளைப் பாத்துட்டுத்தான் வரட்டுமே."

விடுதியின் முகவரி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து படம் பிடித்தாராம். நான்கு பக்கமும். அதை அப்படியே அந்த மனிதருக்கு அனுப்பியிருக்கிறார். சித்தி எந்த மணிக்கு எந்த வாசலில் நிற்பார் என்பது அவருக்கு இப்போது என் கையெழுத்தில் தெரியும். பெ.மா. என்னைப் பாராட்டவும் செய்தார்: "நீ எழுதினது ரொம்ப உதவியா இருந்துச்சு கண்ணு."

கதவிலிருந்து கிழித்து எறிந்தேன். ஒரு பயனும் இல்லை, படம் போய்விட்டது. ஆனாலும் கிழித்தேன்.

சித்தி மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. அரை நாள் காரில் போய் வந்திருக்கிறார். தயாபரன் தன் கடைக்குக் கூட்டிப்போய்ப் புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கொடுத்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல மனுஷன். சொதி நல்லா இருந்துச்சு. எனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

இதைப் படித்ததும் எழுந்தேன். அம்மாவிடம் போய், சித்தியை விட்டுவிடும்படி பெ.மா.விடம் சொல்லுங்கள் என்றேன். பெரியவர்கள் விஷயம் என்றார். சித்தி பெரியவர் இல்லையா என்று கேட்டேன். நாளைக்கு முட்டைக்கோஸ் நறுக்கி வைக்கச் சொன்னார்.

வியாழன், ஜூன் 5

புழுக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது.

இன்று, அங்கத்திய நேரம் காலை பத்துக்கு, ஓடுகளின் அருங்காட்சியகம் (அட்டவணை, பக்கம் 2). தயாபரன் பத்துக்கு அங்கே நின்றிருக்கிறார். சித்தி இல்லை. அவர் ஆண்ட்டியைக் கூப்பிட, ஆண்ட்டி பெ.மா.வைக் கூப்பிட, பெ.மா. இங்கே கூப்பிட, எங்கள் வீட்டில் ஏதோ ஆள் காணாமல் போனது போல ஆகிவிட்டது. புள்ளியைப் பார்த்தால் அது தண்ணீரின் நடுவில்.

அம்மா புள்ளியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்பா, "ஆத்துக்குள்ள இருக்குலா" என்றார், எல்லாருக்கும் தெரிந்ததை.

நான் சித்திக்கு எழுதினேன். படம் ஒன்று வந்தது. படகின் கம்பி, அகலமான ஆறு, தூரத்தில் சிவப்புத் தொங்குபாலம். ஃபெரி. காலையிலிருந்து ஃபெரியில் போகிறாராம், மறுகரையில் இறங்குகிறாராம், அடுத்த ஃபெரியில் திரும்புகிறாராம். மறுபடி போகிறாராம்.

எனக்கு வந்த எரிச்சலை உண்மையாக எழுதுகிறேன். ஐரோப்பா. அத்தனை நூற்றாண்டு. ஓர் அருங்காட்சியகம் முழுக்க ஓடுகள். இவர் ஃபெரியில். கூப்பிட்டே கேட்டுவிட்டேன்: இதற்குப் பட்டர்வொர்த் ஃபெரி போதாதா?

காற்றுச் சத்தம். பிறகு சித்தி சொன்னார், "அங்க ஏறினா வேலைக்குப் போறேன். இங்க ஏறினா எங்கயும் போகலடி."

அது நல்ல வாக்கியம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், புத்தகக் கடைக்காவது போங்கள், ஏழுக்கு மூடிவிடும், இந்த டிராமில் ஏறினால் நேராகப் போகலாம் என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். படமும் அனுப்பினேன். இன்னொரு தடவையும்.

படுக்கப் போகும்போது பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"கோபம் இல்லம்மா. ஆனா நீயும் அவங்களும் ஒண்ணுதான். அவங்க ஆளை அனுப்புறாங்க. நீ டைம்டேபிள் அனுப்புற. நாளைக்கு எங்க போறேன்னு யாருக்கும் சொல்லல. உனக்கும்தான்."

அழுதேன். அவருக்காக அவ்வளவு செய்த ஒரே ஆள் நான் என்று முதலில் தோன்றியது. பிறகு பெ.மா.வும் இதையேதான் சொல்வார் என்று தோன்றியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளி, ஜூன் 6

காலையிலிருந்து மேகம். மழை இல்லை.

புள்ளி இல்லை. சித்தி போனில் இடம் காட்டுவதை அணைத்துவிட்டார். குடும்பக் குழுவில் அறுபதுக்கு மேல் செய்திகள். பெரும்பாலும் சாமி படங்கள்.

பெ.மா. ஃபெரி பிடித்து நேரில் வந்துவிட்டார், மீன் குழம்போடு. இன்று மாலை சித்தியும் தயாபரனும் அவருடைய கடையில் உட்கார்ந்து, லண்டனில் இருக்கும் அவர் அக்காவோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடாம். சித்திக்கு இது தெரியுமா என்று கேட்டேன். வந்தால் தெரிந்துகொள்வாள் என்றார்.

எங்கே இருக்கிறாள் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். தெரியாது என்றேன். உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்றார் அம்மா. சொல்லவில்லை என்றேன். அப்பா, "பொய் சொல்லாத" என்றார். என் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை. யாரும் நம்பவில்லை. போனை வாங்கிப் பார்த்தார்கள். நேற்றைய செய்தியை அம்மா படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போலீசில் சொல்லலாமா என்று பேச்சு வந்தபோது தயாபரன் கூப்பிட்டார். பெ.மா. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். அலுத்துப்போன குரல்.

"அக்கா, நான் கடையைப் பூட்டிப்போட்டு நேற்றும் நிண்டனான், இண்டைக்கும் நிக்கிறன். அவவுக்கு விருப்பமில்லை எண்டு முந்தநாள் காருக்குள்ளயே எனக்கு விளங்கிட்டுது. உங்களுக்கு ஏன் விளங்கேல்லை?"

பெ.மா. அவள் கூச்ச சுபாவம் என்று ஏதோ தொடங்கினார். அவர் விடவில்லை. அவ ஊர் பார்க்க வந்தவ, பார்க்கட்டும், ஏதும் கஷ்டம் எண்டால் என்ர நம்பர் அவவிட்ட இருக்கு, கூப்பிட்டால் உடனே போவன் என்றார். வைத்துவிட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு அல்ல.

மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அம்மாவின் போனில் செய்தி. எனக்கு அல்ல, குழுவுக்கு அல்ல, அம்மாவுக்கு மட்டும். "நல்லா இருக்கேன்கா. சாப்பிட்டேன். நாளைக்கு ஃபிளைட்." அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எங்கே இருக்கிறாள் என்று கேள், புள்ளியைப் போடச் சொல் என்று பெ.மா. அவசரப்படுத்தினார். அம்மா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"எங்க இருந்தா என்னக்கா. அவ லீவு அது."

பெ.மா.விடம் அம்மா இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பெ.மா.வும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். சாப்பிடாமலே கிளம்பினார். அப்பா ஃபெரி வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

நான் சித்திக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுத நிறைய இருந்தது. மன்னிப்புகூட. அதையும் இன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மா என் அறைக்குள் வந்து சித்தியின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். தன் அறை வெக்கையாம். தலையணையை இரண்டு தடவை தட்டினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அங்கல்லாம் ஒரு பொம்பள தனியா கடையில உக்காந்து சாப்பிட்டா, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களா?"

தெரியாது என்றேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சித்தியிடம் கேட்கட்டுமா என்று போனை எடுத்தேன். வேண்டாம், கேட்காதே என்றார். படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஊருக்கு டிக்கெட் என்ன விலை என்றார். சொன்னேன். ம் என்றார். இன்னும் என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய், போதும், படு என்கிறார். இந்த ஒரு வரி மட்டும் என்றேன், கையை நீட்டி விளக்கை அணைத்துவிட்டார்.