மர்ஸுபானின் பாதிப் புத்தகம்

ரஜப் 3
என் கணவருக்கு இன்று எழுத்து நன்றாக ஓடுகிறது. ஒருவனை மீன் தின்கிறது. அந்த மீனை இன்னொருவன் தின்கிறான். மறுமையில் அந்தச் சதை யாருக்குப் போகும்? உடலோடு எழுப்பப்படுவோம் என்பதை மறுப்பவர்கள் கேட்கும் கேள்வி. அவர்கள் வாயை அடைக்கப் போகிறாராம். ஆனால் எதிராளியின் வாதத்தை முதலில் குறைவில்லாமல் எழுதுவதுதான் இங்கே அறிஞர்களுக்கு வழக்கம். இவர் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக எழுதிவிட்டார். எனக்கு மீன் சமைக்கவே மனம் வரவில்லை.

ரஜப் 11
எழுதிய வரைக்கும் காகிதக் கடைத் தெருவில் ஒருவனிடம் படியெடுக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எதிராளியின் பாதி! பதில் இன்னும் இவர் தலைக்குள்தான். முழுதும் முடித்துக் கொடுத்தால் என்ன என்றேன். "அவன் கையெழுத்து எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?" என்கிறார்.

ரஜப் 24
பயந்தது நடந்துவிட்டது. படியெடுத்தவன் அதைத் தனிப் புத்தகமாக விற்றிருக்கிறான். மர்ஸுபான் மறுமையை மறுக்கிறார் என்று ரய் நகரம் முழுக்க இதே பேச்சு. வெள்ளிக்கிழமை காழி விசாரிக்கிறார். குற்றம் என்றால் ஊரை விட்டே துரத்துவார்கள். கருத்துச் சொல்ல இமாம் ஸுஹைரை அழைத்திருக்கிறாராம் — வருஷக்கணக்காக இவரோடு வாதத்தில் மல்லுக்கட்டுகிறவர். வேற ஆளே கிடைக்கலையா?

ரஜப் 25
மூட்டை கட்டினேன். அழுகை அழுகையா வருது. இந்த மனுஷன் உக்காந்து பதில் எழுதிட்டிருக்காரு. இப்பவா?

ரஜப் 27, வெள்ளி
பள்ளிவாசலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இமாம் ஸுஹைர் எழுந்தார். எதிராளியின் பேச்சை எழுதியது குற்றமென்றால் முதலில் என் புத்தகங்களைக் கொளுத்துங்கள், நானும் எழுதியிருக்கிறேன் என்றார். பிறகு இவரைப் பார்த்தார்.

"இவரோட பதிலை இவர் வாயாலயே கேட்டிருக்கேன். தப்பான பதில்தான். ஆனா ஈமான் உள்ளவரோட, மறுமையை நம்புறவரோட பதில்."

காழி வழக்கைத் தள்ளிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். வீடு வரும்வரை இவர் பேசியது ஒரே வார்த்தை: "தப்பாமே."

ஷஃபான் 1
மூட்டையை அவிழ்த்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஷஃபான் 9
இமாம் ஸுஹைர் வந்தார். பதில் எங்கே தப்பு என்று காட்டத் தொடங்கியவர் சாயங்கால அஸர் தொழுகை வரை நிறுத்தவில்லை. இரண்டு பேர் குரலும் தெருவுக்குக் கேட்டது. இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. இமாமுக்கும் சேர்த்து ரொட்டி சுடச் சொல்ல அடுப்படிக்கு வந்தார். நான் சுட்டு வைத்து வெகு நேரமாகியிருந்தது.