நீலமானவை மட்டும்

பிளாக்டவுன், சிட்னி
14.1.2006

அன்புள்ள தங்கை மைமூனாவுக்கு,

நீங்களும் உங்கள் கணவர் நூர்தீனும் கிரான்பர்ன் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் காது மந்தம். போனில் பேசினால் மகள் வீடே அதிர்கிறது. அதனால்தான் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் நான் கடிதம் எழுதித் தொல்லை தருகிறேன்.

பின்பக்கத் தோட்டம் என் மனைவி மீனாம்பாள் போட்டது. அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கொத்தமல்லி விதை பழுப்பானதும் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவி நிழலில் உலர்த்துங்கள். வேலியோரம் முள்ளாக நிற்பது ஜூனிப்பர். அதன் காய்கள் ஏப்ரலில்தான் தயாராகும். நீலமானவை மட்டும் பறிக்க வேண்டும். பச்சையெல்லாம் அடுத்த வருஷத்துக்கு. எல்லாம் ஒரு மருந்துக்காக. பார்சலில் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
வரதராஜன்


கிரான்பர்ன்
9.2.2006

அன்புள்ள வரதராஜன் அங்கிளுக்கு,

நாங்கள் சுகம். கொத்தமல்லி காய்ந்துவிட்டது. குசினி முழுக்க அதன் வாசம்.

உங்கள் தோட்டத்தில் எனக்குத் தனிமையே இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிச் செய்த வெள்ளைப் பட்டை ஒவ்வொரு தொட்டியிலும் குத்தியிருக்கிறது. எல்லாவற்றிலும் பென்சிலால் உங்கள் மனைவி உங்களுக்கு எழுதிய திட்டு. கொத்தமல்லியில், "பச்சையாப் பறிக்காதீங்க. அவசரக்குடுக்கை." எலுமிச்சையில், "வெள்ளைத் தோல் சேர்ந்தா கசக்கும். போன வருஷம் கசந்துச்சு." ரோஸ்மேரியில், "கத்தரிக்கோலைத் துடைச்சு வைக்கணும். உங்களைத்தான்."

வாசித்து நன்றாகச் சிரித்தேன். பிறகு முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பதுபோல இருந்தது. ஓடிப்போய்க் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தேன்.

அது என்ன மருந்து? எனக்கும் முழங்கால் நோகிறது.

துஆவுடன்,
மைமூனா


பிளாக்டவுன்
20.2.2006

அன்புள்ள மைமூனா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். "உங்களைத்தான்" என்பது அப்படியே அவள் குரல்.

அந்த ஜூனிப்பர் காய்கள் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும். இந்த ஏப்ரலில் நீலமாகப்போகிறவை 2004 அக்டோபரில் பிடித்தவை. அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். அவள் கண்ணால் பார்த்த காய்களில் இவைதான் கடைசி.

இன்னொன்று. குழாயடியில் ஐரிஸ் பூச்செடித் தொட்டி ஒன்று இருக்கும். அவள் கடைசியாக நட்டதாம். அவள் போனபின் நான் அந்த வீட்டுக்கு வரவே இல்லை; அதைப் பார்த்ததும் இல்லை. சாவியைக்கூட ஏஜென்ட் கையில்தானே கொடுத்தனுப்பினேன். அதில் பட்டை இருக்கிறதா? இருந்தால் என்ன எழுதியிருக்கிறது?

வரதராஜன்


கிரான்பர்ன்
6.3.2006

திரு. வரதராஜன் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டுக் கெவின் நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மீனாவின் ஜின் இந்த வருஷமும் உண்டா?" என்று கேட்டார். என் கையில் எலுமிச்சைத் தோல்.

நான் தொழுகிற பெண் என்று உங்களுக்குத் தெரியும். மருந்து என்று சொல்லி மதுவுக்குப் பறிக்க வைத்துவிட்டீர்களே. கொத்தமல்லியைத் தெரியாமல் வெட்டினேன். அதற்கு அல்லாஹ் மன்னிப்பான். ஜூனிப்பரைத் தெரிந்துகொண்டே தொடமாட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் முடியாது என்று அன்றே மரியாதையாகச் சொல்லியிருப்பேன். எனக்கு மிகவும் கோபமாக இருக்கிறது.

ஐரிஸ் தொட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. இப்போது பார்க்க மனமில்லை.

மைமூனா நூர்தீன்


பிளாக்டவுன்
15.3.2006

அன்புள்ள மைமூனா,

செய்தது தப்பு. நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரிந்துதான் பொய் சொன்னேன். மன்னியுங்கள்.

மீனா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டில். வோட்காவில் இதையெல்லாம் ஊறப்போட்டு, அளந்து, வடிகட்டி, கல்யாண நாளன்று ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் ஊற்றுவாள். இருபது வருஷம் அப்படி.

அந்த நவம்பரில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. "நீ உன் செடிங்களோடவே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் போன் அடித்தது. "அப்பா, அம்மா பேசணுமாம்" என்றாள் மகள். "நான் இல்லைன்னு சொல்லு" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். மத்தியானம் கெவின் போன் செய்தார். அந்த ஐரிஸ் தொட்டியின் பக்கத்தில்தான் அவள் கிடந்தாளாம். இதயம் நின்றுவிட்டது.

காய் வேண்டாம், ஜின் வேண்டாம். அந்தப் பட்டையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். திட்டாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அது தெரியாமல் எனக்குத் தூக்கமே இல்லை.

வரதராஜன்


கிரான்பர்ன்
2.4.2006

அன்புள்ள அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தை நூர்தீனிடமும் காட்டினேன். "நல்லதா ஏதும் எழுதி விடுமன், பாவம் மனுஷன்" என்றார். ஒரு பட்டை வெட்டி, "கோபம் போயிடுச்சு. வாங்க" என்று உங்கள் மனைவியின் கையெழுத்திலேயே எழுதியும் விட்டேன். இத்தனை மாதம் வாசித்ததில் அது எனக்குப் படிந்துவிட்டது. பிறகு அதைத் துண்டாக வெட்டிப் போட்டேன். இந்தத் தோட்டத்துக்கு ஒரு பொய் போதும்.

தொட்டியில் பட்டை இருக்கிறது. இரண்டு பக்கமும் வெறுமை. மழையில் அழியவில்லை, அங்கிள்; மற்றப் பட்டைகளில் எழுத்து அப்படியே இருக்கிறது. இலைகளை விலக்கிப் பார்த்தேன். பட்டைக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு பென்சில் குத்தியிருந்தது. புதிதாகச் சீவியது. எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவர் எழுத வந்திருக்கிறார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஜூனிப்பரில் குருவிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. வலை கட்டியிருக்கிறேன். குருவியை விரட்டுவது பாவமில்லை. பறிக்க வேண்டியது உங்கள் கை. பக்கக் கேட்டை நாங்கள் பூட்டுவதில்லை.

துஆவுடன்,
மைமூனா


கிரான்பர்ன்
22.4.2006

அன்புள்ள அங்கிளுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை, நாங்கள் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போய்விட்டீர்கள். சிட்னியிலிருந்து வந்த மனிதர் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போவதா? அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

வலை மடித்து நான் உட்காரும் கதிரையில் இருந்தது. நீலக் காய்களில் ஒன்றுகூட இல்லை; பச்சையில் ஒன்றுகூடக் குறையவில்லை. கத்தரிக்கோல் துடைத்து வைத்திருந்தது. கொத்தமல்லித் தொட்டியில் புதுப் பட்டை: "மைமூனாவின் சமையலுக்கு மட்டும்." நூர்தீன் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது.

பிறகு குழாயடிக்குப் போனேன். பென்சில் இல்லை. அந்தப் பட்டையை வாசித்தது என் பிழை, மன்னியுங்கள். உங்கள் எழுத்து அவருடையதைவிடக் கோணல்.

"இருக்கேன், மீனா."

இன்று காலையில் தண்ணீர் ஊற்றும்போது அந்தத் தொட்டிக்கு மட்டும் கையால் அள்ளி ஊற்றினேன், எழுத்தில் படாமல்.

துஆவுடன்,
மைமூனா