மஞ்சள் பூத்த கடலை

கருங்குழி

அன்பு மகள் பிரபாவுக்கு, நைனா கண்ணாயிரம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடாதே, கொஞ்சம் பொறு.

நீ வந்து பயிர் வைக்கப்போகிறாய் என்றுதானே சதுரங்கப்பட்டினத்து நிலத்தில் சவுக்கை வெட்டிவிட்டு முன்கூட்டியே வேர்க்கடலை போட்டேன். சவுக்கு நின்ற மண் தானாகவே சத்துப் பிடித்திருக்கும் என்று ஊரே சொல்லும், நானும் நம்பி ஒரு கூடை எருகூடப் போடவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் செடி முழுக்க மஞ்சள் பூத்து, எழும்பவே மாட்டேன் என்று நிற்கிறது. அதைவிட அதிர்ச்சி, வரப்புக்கு அந்தப் பக்கம் ஜெகதீசன் நிலம். நம்மோடு சவுக்கு வைத்து நம்மோடு வெட்டியவன்தான், விதையும் அதே விதை, அவன் கடலை கருகருவென்று நிற்கிறது. தோப்பில் விளக்குமாறே எடுக்காத சோம்பேறி என்று உன் அம்மா அவனைப் பேசாத பேச்சில்லை. நம் தோப்பை வீட்டு வாசல் மாதிரி கூட்டி, உதிர்ந்த சருகையெல்லாம் மூட்டை கட்டி அடுப்புக்கும் சூளைக்கும் அனுப்பியவள், வெட்டின பிறகு வேர்க்கட்டையைக்கூட விடவில்லை. அவனைக் கேட்டால், நான் இன்னா அண்ணாத்த பண்ணேன், சருகு அப்டியே கெடந்து மக்கிக்கினு கீது, அவ்ளோதான் என்கிறான்.

வேளாண்மை ஆபீஸ் வசுமதி வந்து மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, மரம் கீழ போட்டதெல்லாம் மண்ணுக்குத் தீனிம்மா, அதைப் பூரா வாரிக்கினு போய்ட்டீங்களே, தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுது, எருவும் அடிச்சு, ரெண்டு மூணு வருஷம் பாத்தாத்தான் தேறும் என்று சொன்னாள். உன் அம்மா அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். என் பொண்ணு சோத்துல நானே மண்ண போட்டுட்டனே என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. இன்று காலை பின்கட்டில் மிச்சமிருந்த சருகு மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிப் போய் அந்தக் கடலைக்கு நடுவே கையாலேயே தூவிக்கொண்டிருந்தாள், நான் தடுக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் நேராகப் படுத்துத் தூங்கு. மறக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசு, நிலத்துப் பேச்சை மட்டும் எடுக்காதே. ஒருவேளை வேலையை விடுவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தாயானால், அவளிடம் சொல்லிவிடாதே கண்ணு, என்னிடம் சொல்.

நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் நைனா
கண்ணாயிரம்