நீர்நாய்க்கு நாலு மணி நேரம்

மார்ச் 4

அன்புள்ள தூசிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் "ம்" என்பாய். அந்த "ம்"மையாவது எழுதிப் போடு. மாற்றல் கேட்டு வாங்கி இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எல்லா ஊர்த் தராசும் கொஞ்சம் பொய் சொல்லும், ரிப்பேர் செய்கிறவனுக்கு எங்கே போனாலும் வேலை இருக்கும்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. கிளம்பும்போது உன் நீர்நாய் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன் அல்லவா? கல்யாணமான வருஷம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீ வரைந்தது. லாரியில் கண்ணாடி உடைந்துபோனது. மறுபடி உடையக் கூடாதே என்று பிளாஸ்டிக் தகடு போட்டு, தினமும் பளபளவென்று துடைத்து வைத்தேன். இப்போது பார்த்தால் மீசையைக் காணோம், வாலில் பாதியைக் காணோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

வந்து சரிசெய்து கொடு. படத்துக்காக மட்டும் கூப்பிடவில்லை என்பது உனக்கே தெரியும். இந்த வீட்டில் வடக்கே ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாக இருக்கிறது. வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம். உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் அன்றைக்கு நான் கத்தியது கத்தியதுதான். "நீர்நாயை நாலு மணி நேரம் பாக்குற. என்னை நாலு நிமிஷம் பாத்திருக்கியா?" அதற்கும் நீ தலையைத் தூக்கவில்லையே என்றுதான் ஆத்திரம். போகட்டும். வா.

உன்
வீட்டுக்காரன்

மார்ச் 15

என்னங்க,

ம். நலம்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார். போன வாரம் ஆந்தை ஒன்று எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்தது. வரைந்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓணானை வரைந்து அடி வாங்கிய நாளிலிருந்து, ஒரு படம் முடிந்தால் அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குப் பசிக்காது. உங்களுக்குத் தெரியும். இந்த முறை பசித்தது. கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

பாஸ்டல் என்பது வெறும் வண்ணப்பொடி, நீங்கள் எனக்குத் தூசி என்று பேர் வைத்ததே அதனால்தானே. காகிதத்தின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கைத் துடைக்கத் துடைக்க அது பொடியை இழுத்துக்கொள்ளும், தலை சீவிய சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, அதுபோல. நீங்கள் ஆசையாகத்தான் துடைத்திருக்கிறீர்கள். படம் போய்விட்டது. இழுத்த பொடியைத் திரும்ப ஒட்ட முடியாது.

வருவதைப் பற்றி யோசிக்கிறேன். யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

தூசி

மார்ச் 22

அன்புள்ள தூசிக்கு,

துடைப்பதை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வடக்கு அறையை ஒரு தையல்காரர் கேட்கிறாராம். வீட்டு ஓனர் வாசலிலேயே மடக்கிவிட்டார். "உங்க வீட்டம்மா வருவாங்களா, மாட்டாங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க." வருவாள் என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையைக் காப்பாற்று, தாயே.

உன்
வீட்டுக்காரன்

மார்ச் 28

என்னங்க,

பார்சலில் நீர்நாய் இருக்கிறது. புதிதாக வரைந்தது. ஆற்றுக்குப் போகவில்லை, பழைய குறிப்பு எதையும் பார்க்கவில்லை. இடது காதில் இருந்த வெட்டு, ஈர முடி கொத்துக்கொத்தாக ஒட்டி நிற்பது, எல்லாம் கையிலேயே இருந்தது. நல்ல கண்ணாடி போட்டிருக்கிறேன்.

அது முடிந்ததும் இன்னொரு தாளை எடுத்தேன். நீங்கள் கத்தியது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களை வரைந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஆல்பத்தைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம், வராதா என்ன? எந்த மிருகமானாலும் நான் கண்ணில்தான் தொடங்குவேன். உங்கள் கண்ணில் தொடங்க முடியவில்லை. சரி, கன்னத்து மச்சத்தில் தொடங்கலாம் என்றால், அது இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியவில்லை. வண்ணக்கட்டியைப் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. இத்தனை நாளில் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது அப்போதுதான்.

மச்சம் எந்தப் பக்கம்? எழுதுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடுவேன். முகம் வந்துவிட்டால் நானும் வந்துவிடுகிறேன். ஓனரிடம் சொல்லி வையுங்கள்.

தூசி

ஏப்ரல் 5

அன்புள்ள தூசிக்கு,

பார்சல் வந்தது. கண்ணாடி உடையவில்லை. நீர்நாய் அப்படியே உயிரோடு இருக்கிறது. சுவரில் மாட்டிவிட்டேன். பழைய தகட்டில் ஒட்டியிருந்த மீசை ஈரத்துணியில் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"வலது பக்கம்" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் நீ வந்துவிடுவாய். அப்படி எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஆசை யாரை விட்டது!

எனக்கு மச்சமே கிடையாதும்மா. மச்சம் என் அண்ணனுக்கு.

அறையைக் கொடுத்துவிடலாம் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். தையல்காரர் நேற்று மெஷினோடு வந்து இறங்கிவிட்டார். அந்த ஜன்னல் வெளிச்சம் ஊசி கோக்க வசதியாக இருக்கிறதாம்.

நான்