அம்மாகிட்ட குடுங்க சார்

மார்ச் 4, செவ்வாய்

பாப்பா இன்றும் கக்கா போகவில்லை. காலையிலிருந்து திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறாள். கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க முக்குகிறாள். தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் உட்காரவைத்தால் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்குகிறாள். வீடே அதிர அழுகை. இரண்டரை வயதுக்கு இவ்வளவு பிடிவாதமா?

தையல் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்த அம்மாள் வாசலில் நின்றார். "குழந்தையைப் போட்டு அடிக்கிறியாப்பா?" அடிக்கவில்லை, கக்கா போகச் சொல்கிறேன். இதை எப்படி விளக்குவது?

மார்ச் 5

தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் ஓர் எண் இருக்கிறது. சிறு குழந்தைகளின் பெற்றோருக்குத் தொலைபேசியில் நிபுணர் ஆலோசனை, இலவசம். கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல்.

"அம்மா இருக்காங்களா சார்? அவங்ககிட்ட குடுங்க."

என் மனைவி மாற்றலாகி வெளியூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள், பாப்பாவைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்றேன்.

"அப்போ சனிக்கிழமை அவங்களையே பேசச் சொல்லுங்க சார்."

வைத்துவிட்டாள். பெற்றோர் என்றுதானே போட்டிருக்கிறது? நான் யார், பக்கத்து வீட்டுக்காரனா?

மார்ச் 6

மறுபடி கூப்பிட்டேன். பாட்டு. பாட்டு. கட்.

மார்ச் 7

இன்று அந்த எண்ணில் உணவு ஆலோசகர் கிடைத்தார். கீரை, பழம், தண்ணீர் என்று ஒப்பித்தார். எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று என்றேன். "வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா சார்?" ஒருத்தி இருக்கிறாள், திரைக்குப் பின்னால் நிற்கிறாள், அவளிடம் கொடுக்கட்டுமா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாலையில் மனைவி போனில், "நீங்க ரொம்ப விரட்டுறீங்களோ?" என்றாள். போனை வைத்துவிட்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

மார்ச் 8, சனி

வந்ததும் இவளே அந்த எண்ணுக்கு அடித்தாள். உடனே குழந்தை மருத்துவரிடம் இணைப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்டை கட்டிய குரலில் ஒரு பெண் மருத்துவர். கடைசியாக எப்போது போனாள், இறுகலாகவா, ரத்தம் பட்டதா, எங்கே போய் நிற்கிறாள்? ஒவ்வொரு கேள்விக்கும் இவள் என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில், "டாக்டர், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர்கிட்டயே கேளுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எல்லாம் சொன்னேன். போன மாதம் காய்ச்சலில் கெட்டியாகப் போய் ரத்தம் பட்டதையும்.

"காலைப் பின்னிக்கிறாளா? அப்போ அவ முக்கலை சார். அடக்குறா. ஒரு தடவை வலிச்சதும் பயந்துட்டா. அடக்க அடக்க இன்னும் இறுகும்."

ஆஸ்பத்திரியில் காட்டி இளக்குகிற மருந்து வாங்க வேண்டும். சாப்பிட்டதும் காலடியில் பலகை போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரவைக்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் வற்புறுத்தக் கூடாது. சரியாக மாசக்கணக்கில் ஆகலாமாம்.

மாசக்கணக்கில்!

மார்ச் 10

மருந்து வாங்கியாயிற்று. பாதி பாப்பா வாயில், பாதி என் சட்டையில்.

மார்ச் 19

மருந்து வேலை செய்கிறது, கண்ட இடத்தில். தரை, மெத்தை, ரிப்பேருக்கு வந்த மெஷினின் மிதிகட்டை. கழிவறைப் பக்கம் மட்டும் வரமாட்டாளாம். கத்திவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கூப்பிட்டேன். நல்லவேளை, அதே மருத்துவர். வீடே நாறுகிறது, இலவசம் என்றால் இப்படித்தானா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"திட்டுங்க சார். என்னை நல்லாத் திட்டுங்க. வெச்சுட்டுப் போய் அவளைத் திட்டாதீங்க."

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"இப்போ வலியில்லாம வருதா?" என்று கேட்டார் டாக்டர்.

"வருது."

"உங்களுக்குத் தெரியுது. அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரலை. அவ்வளவுதான்."

மார்ச் 23

இன்று பாப்பாவிடம் கக்கா வருதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா!

ஏப்ரல் 2

போனாள்! தானாக, பலகைமேல் கால் வைத்து உட்கார்ந்து. நான் மெஷினில் அடிநூல் மாட்டும் பாபின் கேஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து என் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். "வலிக்கல" என்றாள். ரகசியம் சொல்வதுபோல.

இவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆபீஸ் என்றும் பாராமல் கத்திச் சிரித்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவளை வேலை பார்க்கும் ஊரில் கொண்டுபோய் விட மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். பாதி வழியில் பாப்பா சீட்டின் மேல் எழுந்து நின்று, "அப்பா, கக்கா வருது!" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு..." என்று ஆரம்பித்தாள் இவள்.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, வண்டியை நிறுத்துங்க!"