பதினாறைக் கூட்டினால்

திருவரங்குளம்
5.5.2025

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு,

சாமி புண்ணியத்தில் இங்கே சுகம். போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

மச்சான் இடுப்புவலிக்காக அம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட நேர்ந்துகொண்டேன். வீட்டுக் கணக்கெல்லாம் இப்போது எக்செலில்தான், யூடியூப் பார்த்துப் படித்தது. ஆரம்பித்த மார்ச் 17-ஐக் கட்டத்தில் போட்டு, நாற்பத்தெட்டைக் கூட்டினேன். மே 4 என்று வந்தது. நேற்று பொங்கலோடு போனால், "என்னம்மா, நேத்தே முடிஞ்சிருச்சே" என்று குருக்கள் சிரிக்கிறார். முதல் நாளை நாம் ஒன்று என்று எண்ணுகிறோம். எக்செல் அப்படி எண்ணுவதில்லை.

அங்கேயே உன் ஞாபகம். போன வருஷம் ஜூன் 10-இல் ஆத்தா தவறியது. எரித்துவிட்டு நீ கிளம்பும்போது "பதினாறுக்கு வந்துரு" என்றேன், தேதி சொல்லவில்லை. நீ வந்து நின்றது 26-ஆம் தேதி. காரியம் முந்தின நாளே முடிந்திருந்தது. "எக்செல்ல போட்டுப் பாத்துத்தான்க்கா டிக்கெட் எடுத்தேன்" என்றாய். "ஆபீசுக்கு இப்பிடி ஒரு நா பிந்திப் போவியா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன். சாப்பிடாமல் திரும்பினாய்.

பதினைந்தைக் கூட்டியிருக்கணும், அவ்வளவுதான். தப்பு என்னுது.

அக்கா பொற்கொடி

புனே
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானுக்கு இடுப்பு தேவலையா?

நீ சொன்ன கணக்கு சரி, நான் பதினாறைத்தான் கூட்டினேன். ஆனால் ஜூன் 23-ஆம் தேதியே நம் சித்தப்பா மகன் கவியரசன், "25 காலைல காரியம், வந்துருண்ணே" என்று மெசேஜ் போட்டான். டிக்கெட்டை மாற்றியிருக்கலாம். ஆனால் 24-ஆம் தேதியே கிளம்பணும், அன்றைக்கு ஆபீசில் பெரிய மீட்டிங். பழைய தேதியே எனக்கு வசதியாக இருந்தது.

தப்பு உன்னுது என்று நீ எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி அறிவு

திருவரங்குளம்
17.5.2025

தம்பிக்கு,

மச்சான் இப்போது குனிந்து செருப்பு மாட்டுகிறார். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. இரண்டு நாள் விளக்கு முன்னால் உட்கார்ந்தும் மனசு ஆறவில்லை. காரியத்தன்று உன் இடத்தில் மொட்டை போட்டுப் பிண்டம் வைத்தது கவியரசன்தான், உன்னிடம் சொன்னானா?

ஆத்தாவின் தலைத்திவசம் திதிப்படிதான். அதை எக்செலில் போட எனக்குத் தெரியாது. பஞ்சாங்கம் பார்த்து ஐயர் சொன்னது மே 30, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. முந்தின நாள் சாயங்காலமே வந்துரு. இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருப்பேன்.

முடியாதென்றால், முடியாது என்று மட்டும் எழுது. கவியரசனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். காரணம் வேண்டாம்.

அக்கா